பிரசங்க மேடையும் பந்திப் பாயும்

போன மாதம் எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி கேட்டார்: “அக்கா, மிஷனரிகள் நமக்கு நல்லது செஞ்சாங்களா, கெட்டது செஞ்சாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

காரணத்தோடுதான் கேட்டார். அவருடைய தாத்தா மிஷன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றவர். அந்தப் படிப்பால்தான் அந்தக் குடும்பம் பண்ணை வேலையிலிருந்து வெளியே வந்தது. தாத்தா இறந்தபோது அவரைப் புதைத்த இடமோ கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஊர்த் தெருக் கிறிஸ்தவர்களுக்கு. அந்தச் சுவரைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேச வேண்டும் என்று நாங்கள் சொன்னபோதுதான் தம்பி இதைக் கேட்டார். “படிப்புக் கொடுத்தவங்களை எதிர்த்து எப்படிப் பேசறது?” என்பதே அவருடைய உண்மையான கேள்வி.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தது வரலாறுதான். அதை இங்கே எழுதுகிறேன். மிஷன் என்பதைப் பிரசங்க மேடையில் வைத்து அளக்க வேண்டாம், தோழர்களே. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் சமைத்ததை யார் சாப்பிட்டார்கள், யாரை யார் கல்யாணம் செய்தார்கள், யார் பக்கத்தில் யாரைப் புதைத்தார்கள் என்று வைத்து அளப்போம். சாதி வாழ்வது அங்கேதான்.

போதிக்கலாம், அப்பம் பிட்கக் கூடாது

1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளூட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டேனிஷ் அரசர் அனுப்பிய ஜெர்மானியர்கள். தமிழ் கற்றார்கள், பள்ளி திறந்தார்கள், அச்சகம் கொண்டுவந்தார்கள். 1715க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இல்லாதது இராஜநாயக்கனின் கதை.

இராஜநாயக்கன் பறையர் சமூகத்தில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சை மன்னரின் படையில் சேவகர். தாமாக முயன்று எழுத்துக் கற்றவர். அச்சிட்ட நற்செய்தி நூல் ஒன்று கைக்கு வந்ததும் அதை வாசித்துத் தரங்கம்பாடி மிஷனைத் தேடிப் போனார். 1720களின் இறுதியில் உபதேசியார் ஆனார். ஐரோப்பியர்கள் எளிதில் நுழைய முடியாத தஞ்சை நாட்டுக்குள் ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியவர் அவர். 1771இல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் செய்தார்.

1733இல் மிஷன் முதன்முறையாக ஒரு தமிழரைக் குருவாக அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், வெள்ளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டது. தகுதியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷன் கணக்குப் போட்டது. 1741இல் அபிஷேகம் வேறொருவருக்குக் கிடைத்தது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை எல்லாரும் கேட்கலாம். அவர் கையிலிருந்து வந்த அப்பத்தை மட்டும் வாங்க முடியாது. வார்த்தைக்குத் தீட்டு இல்லை, கைக்கு இருக்கிறது. அதே தரங்கம்பாடி ஆலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றுதான் இருந்தது. சமத்துவத்தைப் போதித்தார்கள். உட்காரும் இடத்தைச் சாதியிடம் விட்டுவிட்டார்கள்.

ஒரு சுற்றறிக்கையும் ஒரு வெளிநடப்பும்

இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கோவிலில் சாதிக்கொரு பக்கம், நற்கருணைக்குச் சாதிக்கொரு வரிசை, கல்லறையில் சாதிக்கொரு மூலை ஆகிய எல்லாவற்றையும் உடனே, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்றார். அவருக்கு முன்பு பேராயராக இருந்த ஹீபர் சாதியைச் சமூக வழக்கமாகப் பார்த்து மென்மையாக நடந்துகொண்டவர். வில்சன் அந்த வழியை மூடினார்.

சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெரிய புலவர். அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. சாதி வழக்கத்தில் கைவைக்கும் மிஷனரிகளுக்கு எதிராக எழுதியவர்களில் முக்கியமானவர் அவர். ஞானமும் கவித்துவமும் பக்தியும் ஒருவரிடம் நிறைந்திருக்கலாம். சேரிக்காரர் பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் அவற்றின் எல்லை தெரிகிறது.

பந்தியில் வைத்த பரீட்சை

இருக்கையைக் கலந்தால் மட்டும் போதாது என்று அடுத்த தலைமுறை மிஷனரிகள் புரிந்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். ஆகவே பரீட்சையைச் சோற்றில் வைத்தார்கள்.

1840களில் மதுரை அமெரிக்க மிஷன் ‘அன்பின் விருந்து’ நடத்தியது. எல்லாச் சாதியாரும் ஒரே பந்தி. உட்கார மறுத்த உபதேசியார்கள் பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் சேர்ந்து சாப்பிடத் தயாரா என்பதே அடையாளம்.

அதில் சேராதவர்கள் லைப்சிக் லுத்தரன் மிஷனார். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழறிஞர். சாதியை மெல்ல மெல்லக் கரைய விட வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் நிலை. மற்றச் சபைகளின் கண்டிப்பு பிடிக்காத ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் லுத்தரன் சபையில் போய்ச் சேர்ந்தார்கள். “மெல்ல மெல்ல” என்ற சொல் யாருக்கு வசதியாக இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவசரப்பட்டுக் கைதட்டவும் வேண்டாம். தமிழர்களுக்குப் பந்தியில் பரீட்சை வைத்த வெள்ளைக்காரர்கள், தங்கள் பங்களாச் சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்கார்ந்தார்கள்? இதை அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டவர் ஒரு தமிழர். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, இந்திய ஊழியர்களுக்கும் ஐரோப்பிய மிஷனரிகளுக்கும் இடையே தோழமை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம்கூட அரிது என்று சபை நடுவே சொன்னார். தியாகத்தைத் தந்தவர்களிடம் நட்பைக் கேட்டார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களிடையே வேலை செய்தார். அந்த இரண்டு தலித் சமூகங்களும் ஒன்றோடொன்று பாராட்டிய பிரிவினையோடும் அவர் மோத வேண்டியிருந்தது. நமக்குள்ளேயும் படிக்கட்டு இருக்கிறது என்பதை நாமும் மறக்கக் கூடாது.

மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு

தலித்துகள் மிஷனரிகளால் மதம் மாற்றப்பட்டார்கள் என்று ஒரு வழக்கமான வாக்கியம் உண்டு. அதில் நாம் வெறும் செயப்படுபொருள். தென் திருவிதாங்கூரின் கதை வேறு.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர். தஞ்சைக்குப் போனபோது அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பித் தம் மக்களிடம் பேசினார். தங்களுக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று தேடிக் கேட்டவர் அவர்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தது அந்த அழைப்பின் பேரில். 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிப் போன பிறகு, அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைக் காத்தவரும் வேதமாணிக்கம்தான். தென் திருவிதாங்கூர்ப் புராட்டஸ்டன்ட் சபையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு தலித்.

அடுத்து வந்தவர் சார்லஸ் மீட். 1818இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாக்கினார். பள்ளிகள், அச்சகம் எல்லாம் வந்தன. அங்கே மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார். அடிமையாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்தது 1855இல்தான். அரசாணைக்குக் காத்திருக்காமல் ஊசியும் நூலும் கொண்டு வெளியே வந்த அந்தப் பெண்களை நம் படிப்பு வட்டங்களில் நினைவுகூர வேண்டும்.

நான் சொல்ல வந்தது மீட்டின் கல்யாணத்தைப் பற்றி. மனைவி இறந்த பின், 1850களின் தொடக்கத்தில், அவர் லோயிஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். லோயிஸ் பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர் ஒருவரின் மகள். சக மிஷனரிகள் கொதித்துப் போனார்கள். சபைக்குள்ளும் எதிர்ப்பு. மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் உழைத்த மீட், லண்டன் மிஷனை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளைக் கண்காணிக்கும் வேலையில் சேர்ந்தார்.

ஆண்டைக் கவனியுங்கள். எல்லாச் சாதியாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷனரிகள் சென்னையில் அறிக்கை விட்டது 1850இல். ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு மிஷனரி தலித் பெண்ணை மணக்கிறார், மிஷனரிகளாலேயே தாங்க முடியவில்லை. வெள்ளை நிறத்தின் கர்வமும் சாதியின் கர்வமும் அந்தக் கல்யாணத்துக்கு எதிராக ஒரே அணியில் நின்றன. லோயிஸ் என்ன நினைத்தார், என்ன பட்டார் என்பதை அவர் குரலில் யாரும் நமக்கு விட்டுவைக்கவில்லை. அந்த மௌனத்தையும் வரலாற்றில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சமபந்தி மட்டும் சாதியைக் கொல்லாது, கலப்பு மணமே உண்மையான மருந்து, அதற்கும் அடியில் சாதியைப் புனிதமாக்கும் சாத்திர நம்பிக்கை தகர வேண்டும் என்று வாதிட்டார். நாகர்கோவிலில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதத்தின் பலம் புரியும். பந்திவரை வந்தவர்கள் மணப்பந்தலில் நின்றுவிட்டார்கள்.

சுவர்கள் இன்னும் நிற்கின்றன

பிறகும் கதை அப்படியேதான். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று பிரித்தே 1872இல் கத்தோலிக்கக் கோவில் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுச்சுவரைக் குருக்கள் இடித்தபோது, வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். தனி இடம் தங்கள் உரிமை என்ற அவர்கள் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்களும் பெரியார் தொண்டர்களும் போராடியிருக்கிறார்கள்.

வெளியே அரசு என்ன சொல்கிறது? 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்றுவரை வெளியே. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. சபை நம்மைச் சாதியாகப் பார்த்துச் சுவர் எழுப்புகிறது. அரசு நம்மைக் கிறிஸ்தவராகப் பார்த்துக் கதவை மூடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடுகிறது.

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். உங்கள் தாத்தாவுக்குப் படிப்பு வந்ததில் மிஷனுக்குப் பங்கு உண்டு. அதற்கு நன்றி சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் அந்தப் படிப்பை ஒருவர் தானமாகப் போட்டார், நாம் மடியேந்தி வாங்கினோம் என்று நினைக்காதீர்கள். இராஜநாயக்கன் எழுத்தைத் தேடிப் போனார். வேதமாணிக்கம் மிஷனரியைத் தேடிப் போனார். லேஸ் பின்னிய பெண்கள் தங்கள் விலையைத் தாங்களே கட்டினார்கள். மிஷனை வாழ்ந்து காட்டியவர்களில் முதல் வரிசை நம்முடையது. அந்தச் சுவரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் ஆகாது. 1833இல் ஒரு பேராயரே கேட்டதைத்தான் நாம் இன்று கேட்கிறோம்.

படிப்பு வட்ட நண்பர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பகுதியில் ஒரு சபையையோ மிஷன் பள்ளியையோ எடுத்துக்கொள்ளுங்கள். பேரவையில் நம் தெருவிலிருந்து எத்தனை பேர்? பள்ளியில் ஆசிரியர் யார், துப்புரவு வேலை பார்ப்பவர் யார்? திருவிழாத் தேர் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது? கல்லறைத் தோட்டத்தில் யார் எங்கே? நேரில் போய்ப் பார்த்து, பெரியவர்களிடம் கேட்டு, எழுதி வாருங்கள். கோவில், கட்சி அலுவலகம், நம் சொந்த இயக்க அலுவலகம் ஆகியவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

தம்பி அடுத்த வாரமே வந்தார். கையில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம், சுவரோடு. பேரவைக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடைய பாட்டியுடையது.

ஜெய்பீம்.