கடனா, குற்றமா? போடி மலைச்சரிவில் ஒரு ஜெபத்தின் கதை

ஒரு சின்ன சந்தேகத்தில் ஆரம்பித்த குறிப்பு இது. நான் போகும் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது எங்கள் ‘குற்றங்களை’ மன்னிக்கச் சொல்லித்தான் கேட்போம். அதே ஜெபத்தைப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தில், மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பார்த்தால் அங்கே குற்றம் இல்லை, ‘கடன்’ இருக்கிறது. நமக்குத் தீங்கு செய்தவர் நிற்க வேண்டிய இடத்தில் ‘கடனாளி’ நிற்கிறார். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டதே இல்லை. போன வருஷம் என் தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று கைக்கு வந்த பிறகுதான் பட்டது.

நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

ஒரு சொல் கடந்து வந்த வழி

மத்தேயு சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘ஒஃபெய்லேமா’. திருப்பிக் கொடுக்க வேண்டியது, அதாவது பாக்கி என்று பொருள். லூக்கா அதே ஜெபத்தை எழுதும்போது முதல் பாதியில் பாவம் என்று மாற்றிக்கொள்கிறார். இரண்டாம் பாதியில் மட்டும் நம்மிடம் கடன்பட்டவர் என்று விட்டுவிடுகிறார். ஏன் இந்தக் குழப்பம்? இயேசு பேசிய அரமேய மொழியில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல்தான் கடனுக்கும் பாவத்துக்கும். அந்த மக்களுக்குப் பாவம் என்பது பேரேட்டில் ஏறிய பாக்கி மாதிரி.

லத்தீன் வேதாகமம் கடன் என்றே வைத்துக்கொண்டது. லூத்தரின் ஜெர்மன் மொழியில் ‘ஷுல்ட்’ என்ற சொல்லுக்கே கடன், குற்றம் என இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் நம் கதைதான்: 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்தில், மத்தேயுவில் கடன், 1549-இல் வந்த ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அத்துமீறல். வாசிக்கும்போது கடன், ஜெபிக்கும்போது குற்றம்.

தமிழுக்கு இந்த ஜெபம் வந்தது அச்சுக்கலையோடு சேர்ந்து. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ‘கார்த்தில்யா’விலேயே ஜெபங்கள் உண்டு. 1580-இல் என்றீக்கே என்றீக்கஸ் பாதிரியார் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கென்றே ஒரு தனிப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்று மன்னிப்பு பற்றியது என்பதை யோசித்துப் பாருங்கள். பிறகு 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதன்பின் 1772-இல் பப்ரிசியுசின் புதிய ஏற்பாடு. இன்று நாம் பழைய மொழிபெயர்ப்பு என்று சொல்லும் வேதாகமத்துக்கு, 1871-இல் முடிந்த பவர் ஐயர் திருத்தத்தின் வழியாக, பப்ரிசியுசின் நடைதான் ஆதாரம்.

பப்ரிசியுஸ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்தவர். சொல்லுக்குச் சொல் எடைபோட்டு மொழிபெயர்த்த மனுஷன். பண விஷயத்தில் மட்டும் வெகுளி. தன்னை நம்பிப் பிறர் கொடுத்து வைத்த பணத்தைத் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுத்து, அது திரும்பாமல் போய், வயசான காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-இல் இறந்தார். இந்த ஜெபத்தைத் தமிழில் வார்த்தை வார்த்தையாக உழைத்துக் கொடுத்தவருக்குக் கடன் என்பது உவமை இல்லை, கம்பிக் கதவு.

மீட்பு என்றால் என்ன?

சரி, இதற்கும் இரட்சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

புராட்டஸ்டண்டுகள் இரட்சிப்பு என்பார்கள். காப்பாற்றுதல் என்ற பொருளில் வடமொழிச் சொல். கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள். மீட்பு நமக்கு வீட்டுச் சொல். அடகுக் கடையில் கிடக்கும் தோட்டைப் பணம் கட்டி ‘மீட்டுட்டு வந்தேன்’ என்று சொல்கிறோமே, அதே சொல். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திலும் பிணைத்தொகை கொடுத்து அடிமையை விடுவிக்கும் சொல்தான் அங்கே இருக்கிறது. பாவம் என்பது மனிதனால் அடைக்க முடியாத கடன், அதைக் கிறிஸ்து அடைத்தார் என்ற விளக்கத்தை 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் பாதிரியார் ஒரு முழு நூலாகவே எழுதினார்.

இங்கேதான் பழைய சிக்கல் ஒன்று வருகிறது. இரட்சிப்பு இலவசம், கிருபையால் வருவது, நம் செய்கையால் வாங்க முடியாது என்பது லூத்தர் முதல் எல்லாச் சீர்திருத்த சபைகளின் போதனை. ஆனால் ஜெபம் முடிந்த உடனே, மத்தேயு 6:14, 15 வசனங்களில், நீங்கள் மற்றவர்களை மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்க மாட்டார் என்ற பொருளில் இயேசு சொல்கிறார். அப்படியானால் மன்னிப்பு என்பது இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலையா? இலவசம் என்றது பொய்யா?

இதற்குப் பதில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்து உவமையில் இருக்கிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் காலில் விழுகிறான். ராஜா மொத்தத்தையும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அவன் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி; வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். அவனுக்கு வர வேண்டியதோ 100 நாள் கூலி.

வரிசையைக் கவனிக்க வேண்டும். ராஜாவின் தள்ளுபடிதான் முதலில் வருகிறது, எந்த நிபந்தனையும் இல்லாமல். அதைப் பெற்றவன் பழைய வட்டிக்காரனாகவே வெளியே வந்ததுதான் பிரச்சினை. அதனால்தான் மற்றவரை மன்னிப்பதை, நாம் மன்னிக்கப்பட்டதற்கான அடையாளம் என்று லூத்தர் விளக்கினார். கத்தோலிக்கர்களும் லூத்தரன்களும் நானூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டபின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன் சாரமும் இதுதான்: கிருபை முந்திக்கொள்கிறது, நற்செயல் அதன் கனி.

இவ்வளவும் படித்துவிட்டு, விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நோட்டு வந்தது.

மலையின் கணக்கு

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜீப்பு ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு ஆட்கள் கிளம்புவார்கள். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு. இன்று அது கேரளாவின் இடுக்கி மாவட்டம். அன்று கீழே மதராஸ் மாகாணம், மேலே திருவிதாங்கூர் சமஸ்தானம். காய் மலையில் விளையும். ஆளும் அரிசியும் கீழேயிருந்து போகும். ஏலம் போடியில் நடக்கும்.

ஆள் பிடித்தது கங்காணி முறை. தோட்டத்து முதலாளி கங்காணியிடம் மொத்தமாக முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குப் போய்க் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கூட்டிவருவார். அரிசி, கம்பளி, வழிச்செலவு எல்லாம் பற்றில் ஏறும். கூலி வரவில் ஏறும். பற்றை வரவு எட்டவே எட்டாது. பி.எச். டேனியல் 1969-இல் எழுதிய நாவல், தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்த்த ‘எரியும் பனிக்காடு’, வால்பாறைத் தோட்டங்களில் இந்தக் கணக்கு எப்படிக் கழுத்தை இறுக்கியது என்று காட்டும்.

சட்டமும் கணக்கின் பக்கம்தான் நின்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-ஆம் வருஷத்து 13-ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கே அனுப்பலாம். 1926-இல்தான் அது ஒழிந்தது. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை இருந்தது. இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று ஒரு துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த துரை பணம் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். 1921-இல் அதை ஒழித்தார்கள். இந்தியாவில் 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லை, அது அழிந்தது என்று நேராகவே சொன்னது.

துண்டுச் சீட்டில் பணம் கட்டி ஆளை மாற்றினார்களே, அதன் பெயரும் மீட்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஆள் விடுதலையாகவில்லை. கடன்காரர் மட்டும் மாறினார்.

தாத்தாவின் நோட்டு

என் தாத்தா ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி. கோயிலில் பெரிய மனுஷர். ஜெபிக்காமல் சாப்பிட மாட்டார். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடும் இடத்தில் அவர் நோட்டில் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருக்கிறார். அதன் கீழே நாலு பத்தி: பேர், கொடுத்தது, கழித்தது, நிலுவை.

ஒரு பக்கத்தில் ஓர் ஆணின் பேர் அடித்திருக்கிறது. பக்கத்தில் ‘காலம்’ என்று ஒரு வார்த்தை. செத்துப்போனார் என்று அர்த்தம். நிலுவை அடிக்கப்படவில்லை. அடுத்த வரியில் அதே தொகை அவர் மனைவி பேரில். ரெண்டு வருஷம் கழித்து மகள் பேரில்.

நான் தாத்தாவை வெறும் வில்லனாக எழுதிவிட முடியாது. நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவரே தோட்டத்துக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கிறது. ஆள் ஓடிப்போனால் அந்த முன்பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. மேலே பெரிய கடன், கீழே சின்னக் கடன்கள், நடுவில் ஒரு மனுஷன். மத்தேயு 18-ஐ மறுபடி படித்தேன். அந்த ஊழியக்காரன் வேறு யாரும் இல்லை, கங்காணி. ஒரு வித்தியாசம்: தோட்டத்து ராஜா எதையும் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன்னுடைய பெரிய கடன் தள்ளுபடியானதாகத் தாத்தா சாட்சி சொன்னார். திங்கட்கிழமை நோட்டைத் திறந்தார்.

அந்த மகள் இன்னும் போடியில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிய பாட்டி. எங்கள் கோயில்தான். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், ‘எங்க தாத்தாவை மன்னிச்சிருங்க பாட்டி’ என்று மட்டும் சொல்ல வந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘மன்னிக்கிறதுக்கு எனக்கென்னப்பா கஷ்டம். போதகர்மாரு அம்புட்டுப் பேரும் மன்னி, மன்னின்னுதான் சொல்லிக் குடுத்திருக்காக. ஆனா யாரு கடன்காரன்னு எனக்கு யாரும் சொல்லலையே. நான்தான் கடன்காரின்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். உங்க தாத்தா முன்பெஞ்சுல உக்காந்திருப்பாரு. நான் தூணு மறைவுல உக்காருவேன். நிலுவை இருக்கே, எப்படி மூஞ்சியப் பாக்குறது?’

நான் படித்த எந்த உபதேச நூலும் இந்த இடத்துக்கு வரவில்லை. ஜெபத்தில் கடன் குற்றமாக மாறியபோது நல்லது ஒன்று நடந்தது. வசவு, துரோகம், அடி உதை எல்லாம் மன்னிப்புக்குள் வந்தன. ஆனால் ஒன்று நழுவியும் போனது. குற்றம் என்றதும் மன்னிப்பு மனசுக்குள் நடக்கும் காரியமாகிவிட்டது. நோட்டு அப்படியே அலமாரியில் இருக்கலாம். கடன் என்ற சொல் இருந்திருந்தால், ‘மன்னித்தேன்’ என்றவரிடம் ‘எந்தப் பக்கத்தில் அடித்தீர்கள்?’ என்று கேட்டிருக்கலாம். இன்னொன்றும் தெரிகிறது. உவமையில் மன்னிக்கச் சொல்லும் கட்டளை, கையில் கணக்கு வைத்திருப்பவனுக்கு. நம் பிரசங்கங்களில் அது பெரும்பாலும் தூண் மறைவில் இருப்பவர்களுக்கே போகிறது.

பாட்டி கேட்டார்: ‘எம் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கு?’

‘முப்பத்தேழு ரூவா, பாட்டி.’

‘அத அடிச்சிரு.’

பழைய ஆவணத்தில் பேனா வைக்கக் கூடாது என்று எனக்குள் ஒருவன் சொன்னான். இந்த வலைப்பூவில் நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு அடித்தேன். அவர் பேரை, அவர் அம்மா பேரை, மூன்று நிலுவையையும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. கோடு போட்டிருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது, மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நோட்டில் இன்னும் 40 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேரின் வீடு தெரியும்.