சிவப்புக் கொடியும் அமைச்சர் நாற்காலியும்

கண்டிச் சீமையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளருள் பெரும் பகுதியினர் நம் மக்களே. ஆதலின் இலங்கை இடதுசாரிகளின் உயர்வும் வீழ்ச்சியும் நமக்கு அயலார் கதையன்று.

1935ஆம் ஆண்டில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி உழைப்பாளரின் கட்சியாகவே வளர்ந்தது. 1940இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் குண்டுக்கு இரையானார். விசாரணையில் அவருடைய மனைவியின் சார்பில் வாதாடியவர் அக்கட்சியின் தலைவருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கட்சி எதிர்த்து நின்றது.

1953இல் அரசு மானியத்தை நீக்கியதால் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறிற்று. ஆகஸ்டு 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பையேற்று நாடே ஸ்தம்பித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. சில திங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அத்தகைய வலிமை அக்கட்சிக்கு அன்றிருந்தது!

1964 ஜூனில் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார். இதனை ஏற்காத பாலா தம்பு முதலிய தொழிற்சங்கத் தலைவர்கள் பிரிந்து சென்றனர். அமைச்சரவையில் கட்சி அமர்ந்திருந்த அதே ஆண்டு அக்டோபரில்தான் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தம் விருப்பத்தைக் கேளாமலே எண்ணிப் பங்கிடப்பட்டோர் நம் உறவினர். 1966 ஜனவரியில் தமிழ்மொழி விதிகளை எதிர்த்த கிளர்ச்சியிலும் கட்சி கலந்துகொண்டது. பத்தே ஆண்டில் இத்துணை மாற்றம்!

1970 தேர்தலில் கூட்டணி வென்றது. சமசமாஜக் கட்சிக்கு 19 இடங்கள். நில உச்சவரம்பும், பின்னர்த் தோட்டங்கள் அரசுடைமையானதும் அவ்வாட்சியில் நிகழ்ந்தவை என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் 1971 ஏப்ரலில் ஏழைச் சிங்கள இளைஞரின் கிளர்ச்சி குருதியில் அடக்கப்பட்டபோது கட்சி அரசின் பக்கமே நின்றது. 1972இல் வேலைநிறுத்தம் செய்த வங்கி ஊழியருக்கு எதிரே நின்றவர் பெரேராவே. சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் பௌத்தத்தை முதன்மை மதமாகவும் உறுதிசெய்த 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை இயற்றும் பொறுப்போ, அன்று கோவிந்தனுக்காக வாதாடிய கொல்வினிடமே இருந்தது. 1973, 1974 ஆண்டுகளில் அரிசிப் பங்கீடு சுருங்கியது. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அரிசிக்காக 1953இல் நாட்டையே நிறுத்தியவர்கள் இப்போது அதே அரிசியைக் குறைத்த அரசின் அமைச்சர்கள். வரிசையில் காத்திருந்த தொழிலாளிக்கு அதன்பின் வேறென்ன விளக்கம் வேண்டும்?

1975 செப்டம்பரில் சமசமாஜக் கட்சியை சிறிமாவோவே அமைச்சரவையிலிருந்து நீக்கினார். 1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 இடங்களைப் பெற்றது. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்டுக் கட்சிக்கும் ஓரிடமேனும் கிட்டவில்லை.

1980 ஜூலையில் பொது வேலைநிறுத்தம் எழுந்தபோது ஜெயவர்த்தனா அரசு ஏறத்தாழ 40,000 பேரை வேலையினின்றும் நீக்கியது. அவர்களுக்காகக் குரல் எழுப்ப அன்றைய நாடாளுமன்றத்தில் சமசமாஜக் கட்சியின் உறுப்பினர் ஒருவரும் இலர்.