கூட்டமும் காற்றும்: பார்வையாளர் மாடங்களின் உறுதி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

மும்பை: விளையாட்டுப் போட்டிகளுக்கும் திருவிழாக்களுக்கும் அமைக்கப்படும் பார்வையாளர் மாடங்கள் இரு வேறு விசைகளைத் தாங்க வேண்டியுள்ளன. மக்கள் கூட்டம் மாடத்தைக் கீழ்நோக்கி அழுத்துவதுடன் பக்கவாட்டிலும் அசைக்கிறது. காற்றோ அதைச் சாய்க்கவும் மேலே தூக்கவும் முயல்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற நெரிசல் மிகுந்த பகுதிகளில் பொங்கல், விநாயகர் சதுர்த்தி, தஹி ஹண்டி விழாக்களுக்குத் தற்காலிக மேடைகளும் பந்தல்களும் எழுப்பப்படுவதால், இக்கணக்கு அங்கு வாழும் மக்களின் உயிர்ப் பாதுகாப்புடன் தொடர்புடையதாகும்.

கூட்டத்தின் எடை

கட்டடங்களின் மீதான சுமைகளை வரையறுக்கும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 ஆகும். அதன் 2-ஆம் பகுதியின்படி, நிலையான இருக்கைகள் உள்ள கூடுமிடங்களுக்குச் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன், இருக்கைகள் இல்லாத இடங்களுக்கு 5 கிலோ நியூட்டன் சுமை கொள்ளப்படுகிறது. பின்னது ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமம். அதாவது, ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் நெருக்கியடித்து நிற்கும் நிலை.

அசைவின் விசை

ஆனால், மாடங்கள் எடையால் மட்டும் சரிவதில்லை. ரசிகர்கள் ஒரே நேரத்தில் எழும்போதும், ஒரு பக்கமாகச் சாயும்போதும் பக்கவாட்டு விசை உண்டாகிறது. இதற்காக இருக்கை வரிசையின் நீளவாக்கில் மீட்டருக்கு 0.35 கிலோ நியூட்டன், குறுக்குவாக்கில் 0.15 கிலோ நியூட்டன் விசையைக் கணக்கிட வேண்டும் என விதி கூறுகிறது. 20 மீட்டர் நீளமுள்ள பத்து வரிசைகளுக்கு நீளவாக்கு விசை மட்டும் சுமார் 7 டன் ஆகிறது. செங்குத்துக் கம்பங்களால் மட்டும் இதைத் தடுக்க இயலாது; மூலைவிட்டமாகப் பொருத்தப்படும் குறுக்குக் கம்பிகளே தடுக்கின்றன.

பாடலின் தாளத்துக்கேற்பக் கூட்டம் குதிக்கும்போது, நொடிக்கு சுமார் 1.5 முதல் 3 முறை வரை மாடம் தாக்கப்படுகிறது. மாடத்தின் இயல்பு அதிர்வெண் இதற்கு அருகில் இருந்தால் அசைவு படிப்படியாகப் பெருகும். எனவே, மாடங்கள் அதனினும் உயர்ந்த அதிர்வெண் கொண்டவையாக, விறைப்புடன் வடிவமைக்கப்படுகின்றன.

தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் 2021 மார்ச் 22 அன்று தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின்போது தற்காலிக மாடம் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2022 மார்ச் 19 அன்று கால்பந்துப் போட்டியின்போதும் இத்தகைய விபத்து நிகழ்ந்தது.

காற்றின் அழுத்தம்

ஐ.எஸ். 875-இன் 3-ஆம் பகுதி மும்பைக்கு நொடிக்கு 44 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 158 கி.மீ. அடிப்படைக் காற்று வேகத்தை நிர்ணயித்துள்ளது. சென்னைக்கு இது நொடிக்கு 50 மீட்டர். தற்காலிகக் கட்டமைப்புகளுக்கு இவ்வேகத்தை ஓரளவு குறைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 44 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 118 கிலோ அழுத்தம் ஏற்படுகிறது. மாடத்தின் பின்புறம் கட்டப்படும் 10 சதுர மீட்டர் பேனர் ஒன்றே அவ்வேகத்தில் ஒரு டன்னுக்கும் அதிகமான விசையை, பாய்மரம் போல், கம்பங்களின் மீது செலுத்தும்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிப் புயலில் சரிந்த விளம்பரப் பலகை 17 உயிர்களைப் பறித்தது. அது பார்வையாளர் மாடம் அல்ல எனினும், அதன் பாடம் மாடங்களுக்கும் பொருந்தும். மாட்டுங்காவில் உள்ள வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வில், மணிக்கு 158 கி.மீ. வேகத்தைத் தாங்க வேண்டிய அதன் அடித்தளம் 49 கி.மீ. வேகத்தை மட்டுமே தாங்கக்கூடியதாக இருந்தது தெரியவந்தது. அன்று வீசிய காற்றின் வேகம் மணிக்கு 87 கி.மீ.

காலி மாடமும் ஆபத்தே

கூட்டம் நிரம்பிய மாடத்தை அதன் எடையே நிலத்தில் இருத்துகிறது. காலியான, கூரையுள்ள இலேசான மாடத்தையோ காற்று எளிதில் கவிழ்த்துவிடும். ஆதலால் பொறியாளர்கள் நிரம்பிய நிலை, காலியான நிலை ஆகிய இரண்டையும் தனித்தனியே சோதிக்கின்றனர். தெற்கு மும்பையின் வான்கடே மைதானத்தில் 2011 உலகக் கோப்பைக்காக அமைக்கப்பட்ட டெஃப்லான் துணிக் கூரை எடை குறைந்தது. இத்தகைய கூரைகளில், கீழே விழாமல் தாங்குவதைப் போலவே மேலே எழாமல் பிடித்து வைப்பதும் வடிவமைப்பின் முக்கியப் பணியாகும்.

கான்கிரீட் தெருக்களில் கம்பம் நட இயலாதபோது, அடிக்கட்டையில் போதிய எடை ஏற்றுவதும் இழுவைக் கம்பிகளால் பிணைப்பதும் இன்றியமையாதவை. கட்டமைப்புப் பொறியாளரின் சான்று, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றாமை, பலத்த காற்று எச்சரிக்கை வந்தவுடன் பேனர்களை அகற்றி மாடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் காலி செய்தல் ஆகியவை விழா ஏற்பாட்டாளர்கள் உறுதிசெய்ய வேண்டிய அடிப்படை நடவடிக்கைகளாகும்.