பீப்பாய் விலையும் பழைய டீசல் வண்டியும்

மூணு மாசமா சனிக்கிழமை வந்தா எங்க வீட்டுல ஒரே பஞ்சாயத்து. பழைய டீசல் மோட்டார் ஹோம் வாங்கணும்னு கிளம்பினவன் நான். "நடுரோட்டுல புள்ளையோட நிக்க வைக்காத வண்டியா பாருங்க"ன்னு ஒத்தை வரியில தீர்ப்பு சொன்னது தங்கமணி. நாலு வருஷம் மிச்சிகன்ல பொட்டி தட்டிச் சேர்த்த காசு. தப்பாப் போச்சுன்னா இன்னும் நாலு வருஷம் தட்டணும்.

மோட்டார் ஹோம்னா வேற ஒண்ணுமில்லை மக்களே, நம்ம ஊர் சினிமாக்காரங்க கேரவன் மாதிரிதான். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கற பஸ்.

வழக்கம்போல எக்செல்ல போட்டு ஒப்பிட்டேன். விலை, ஓடின மைல், நீளம்னு பதினாலு காலம். ஒண்ணும் பிடிபடலை. ஆனா வண்டிகளைத் தயாரிச்ச வருஷப்படி அடுக்கினப்போ ஒரு விஷயம் கண்ணுல பட்டுது. ஒவ்வொரு டீசல் வண்டிக்கும் பின்னாடி ஒரு எண்ணெய் நெருக்கடியோ ஒரு சட்டமோ நிக்குது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

அயோவா மாநிலத்துல ஃபாரஸ்ட் சிட்டின்னு ஒரு சின்ன ஊர். அங்கதான் வின்னபேகோ கம்பெனி 1966ல மோட்டார் ஹோம் செய்ய ஆரம்பிச்சுது. பெட்ரோல் தண்ணி மாதிரி கிடைச்ச காலம், மைலேஜ் பத்தி யாருக்குக் கவலை? 1973ல ஜெனரல் மோட்டார்ஸே ஜிஎம்சி மோட்டார் ஹோமைக் கொண்டு வந்தாங்க. 7.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன்சக்கரம் இழுக்கற வண்டி. இன்னிக்குப் பார்த்தாலும் அழகுதான். ஆனா நேரத்தைப் பாருங்க. அதே 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்திட்டாங்க. பங்க்குல வரிசை, நெடுஞ்சாலையில 55 மைலுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம். 1978ல ஜிஎம்சி தயாரிப்பு நின்னு போச்சு.

1979ல ஈரான் புரட்சி, ரெண்டாவது அடி. இப்பதான் எல்லாருக்கும் டீசல் ஞாபகம் வந்துது. ஆனா அமெரிக்காவுல டீசல் பேரை முதல்லயே கெடுத்தது ஒரு கார் எஞ்சின். 1978ல வந்த ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல். பெட்ரோல் எஞ்சின் வடிவமைப்பை வச்சுக்கிட்டு செஞ்சது. டீசல் எஞ்சினுக்குள்ள அழுத்தம் பல மடங்கு அதிகம். ஹெட் போல்ட் மட்டும் பழைய எண்ணிக்கை, பழைய இடம். போல்ட் இழுத்துக்கிட்டு கேஸ்கெட் போச்சு. டீசல்ல கலந்திருக்கற தண்ணியைப் பிரிக்க ஒரு வடிகட்டிகூட வைக்கலை. "டீசலா? வேணவே வேணாம்"னு ஒரு தலைமுறையே முடிவு பண்ணிடுச்சு.

ஃபோக்ஸ்வேகன் 1982ல வானகன் வேனுக்கு 48 குதிரைசக்தி டீசலைக் கொடுத்தாங்க. மேடு ஏறும்போது பின்னாடி வர்றவன் சாபம் முழுக்க நமக்குத்தான். வின்னபேகோ ரெனோவோட வேனை எடுத்து லெஷாரோன்னு ஒண்ணு விட்டாங்க. 1987ல ரெனோ அமெரிக்காவை விட்டே கிளம்பிட்டாங்க. பாகம் தேடி அலையறது வாங்கினவன் தலையெழுத்து.

இனி என் காதல் கதை. விக்சன் 21. நான் இருக்கற இதே மிச்சிகன்ல, பாண்டியாக் ஊர்ல செஞ்சாங்க. செஞ்சவர் பில் காலின்ஸ். பாண்டியாக் ஜிடிஓ கார்லயும் அப்புறம் டெலோரியன் கார்லயும் வேலை பார்த்த இஞ்சினியர். 21 அடி நீளம், வீட்டு கராஜுக்குள்ள நுழையற உயரம், நிறுத்தினதும் கூரையைத் தூக்கினா உள்ள நிமிர்ந்து நிக்கலாம். பின்னாடி பிஎம்டபிள்யூவோட 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ டீசல், 115 குதிரைசக்தி. மத்த மோட்டார் ஹோம் காலனுக்குப் பத்து மைல் கொடுக்கவே திணறினப்போ இது முப்பது வரைக்கும் தரும்னு விளம்பரம். எண்ணெய் நெருக்கடிக்கு ஒரு இஞ்சினியர் எழுதின சரியான விடை!

ஆனா பரீட்சை முடிஞ்சு போச்சே! 1985 கடைசியில பீப்பாய் 30 டாலர் பக்கம் இருந்த கச்சா எண்ணெய், விக்சன் சந்தைக்கு வந்த 1986 கோடையில 11 டாலர் பக்கம் விழுந்துடுச்சு. மைலேஜுக்கு மதிப்பே போச்சு. பிற்பாடு விக்சன்லயே பியூக் பெட்ரோல் எஞ்சினை மாட்டி வித்தாங்க. மொத்தம் செஞ்சது 600 வண்டிகூட இல்லை. அந்த பிஎம்டபிள்யூ டீசலும் அமெரிக்காவுல ஒண்ணு ரெண்டு கார்ல வந்ததோட சரி. விளம்பரத்துல ஒண்ணைப் பார்த்துட்டு ராத்திரி தூக்கம் வரலை எனக்கு. "பாகம் எங்க கிடைக்கும்?"னு ஒரே கேள்வி கேட்டுட்டு தங்கமணி தூங்கப் போயாச்சு.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கம்மின்ஸ் பி வரிசை. 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர். இது மோட்டார் ஹோமுக்குன்னு செஞ்சதே இல்லை. 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்ல வந்து ஓல்ட்ஸ்மொபைல் கெடுத்த பேரைக் காப்பாத்துச்சு. டெலிவரி வண்டி, விவசாய யந்திரம்னு எங்கயும் இருக்கும். 90கள்ல வந்த பின்பக்க எஞ்சின் மோட்டார் ஹோம்கள் நிறையதுல இதுதான். நம்ம ஜாம்ஷெட்பூர்ல டாடா கம்மின்ஸ் இதே வரிசையைச் செஞ்சு டாடா லாரிக்கு மாட்டினாங்க. முதல் தடவை ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினப்போ கரூர் பைபாஸ்ல நிக்கற மாதிரியே இருந்துது எனக்கு :-)

1998 வாக்குல அதுக்கும் கம்ப்யூட்டர் வந்தாச்சு. 2007 விதிமுறைக்கு புகைக்கரியைப் பிடிக்கற வடிகட்டி, 2010க்கு யூரியாக் கரைசல் டேங்க். ஊர்க்காத்துக்கு நல்லதுதான், மறுக்கலை. ஆனா வருஷத்துல பத்து வாரம் மட்டும் ஓடற பழைய வண்டியில அந்த வடிகட்டியும் சென்சாரும் மக்கர் பண்ணா பர்ஸ் காலி. கம்ப்யூட்டர்ல சோறு திங்கறவன் கம்ப்யூட்டர் இல்லாத எஞ்சின்தான் வேணும்னு அலையறேன், சிரிக்காதீங்க.

சரி, எஞ்சின் முடிவாச்சு. 1997 வண்டி ஒண்ணு, 62,000 மைல்தான். போய்ப் பார்த்தோம். டயர்ல தயாரிச்ச வாரமும் வருஷமும் நாலு இலக்கத்துல இருக்கும், படிச்சேன். பத்து வருஷத்துக்கும் மேல. போகட்டும், டயர் மாத்திக்கலாம். எஞ்சின் முதல் சுத்துலயே கிளம்புச்சு. நான் பேரம் பேசற முகத்தை வச்சுக்கிட்டு நிக்கறேன், உள்ள இருந்து தங்கமணி கூப்பிடற சத்தம். கட்டிலுக்குப் பின்னாடி சுவத்துல கட்டைவிரலை வச்சு அழுத்தினா, விரல் உள்ள போகுது. கூரை ஒழுகி, பிளைவுட் மக்கி, மேல புதுசா ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்க.

நம்ம கரூர்ல டாடா, லேலண்ட் சேஸிஸ் மேல வேற ஒருத்தர் பாடி கட்டறாங்க இல்லையா, இங்கயும் அதே கதைதான். எஞ்சின் செஞ்ச கம்பெனி உயிரோட இருக்கும், கூரை போட்டவன் இருப்பானான்னு தெரியாது. 2008ல பீப்பாய் 147 டாலர் போச்சு, கூடவே வங்கிக் கடனும் நின்னுது. ஃப்ளீட்வுட், மொனாகோன்னு ரெண்டு பெரிய கம்பெனியும் 2009 மார்ச்ல திவால். ஒரு ஜன்னல் ரப்பர் வேணும்னாக்கூட இப்ப பழைய வண்டிக் கடையிலதான் தேடணும்.

வர்ற சனிக்கிழமை இண்டியானா, எல்க்ஹார்ட் போறோம். மோட்டார் ஹோம் பாதிப் பேர் செய்யற ஊர் அது. 1996 வண்டி, அதே 5.9 கம்மின்ஸ். இந்தத் தடவை எக்செல்லை வீட்டுல வச்சுட்டு டார்ச்சும் ஏணியும் எடுத்துட்டுப் போறேன். கட்டைவிரல் தங்கமணியோடது.