பெயருக்கு முன்னர் வரும் நோய்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஆனால், நோயுற்றது ஒரு மனிதரன்று, ஒரு மாநகரம் எனில், அதன் நாடியை யார் பிடித்துப் பார்ப்பது?

பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரம் இதற்கொரு வழி கண்டது. இறந்தோரைப் பார்வையிட்டு, இறப்பின் காரணத்தைக் கூற மூதாட்டியர் சிலர் அமர்த்தப்பட்டனர். மருத்துவக் கல்வி பெறாத அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த குறிகளைக் கூறினர். அவை வாரந்தோறும் பட்டியலாக அச்சிடப்பட்டன. ஜான் கிராண்ட் என்னும் வணிகர் அப்பட்டியல்களை ஆராய்ந்து, 1662-இல் நூலாக வெளியிட்டார். எனினும், எண்ணப்பட்டவர்கள் இறந்தோரே. உயிரோடிருப்போரின் துன்பத்தை உரிய நேரத்தில் எண்ணும் வழி பிற்காலத்திலேயே வாய்த்தது.

1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் நுண்ணுயிரி கலந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வயிற்றுப்போக்கால் வாடினர் என மதிப்பிடப்பட்டது. ஏப்ரல் 5-ஆம் நாள் சுகாதாரத் துறைக்கு எட்டிய செய்தி நோயின் பெயரன்று. மருத்துவமனை ஊழியர், ஆசிரியர், மாணவர் எனப் பலரும் பணிக்கும் பள்ளிக்கும் வரவில்லை என்பதே. நீரைக் காய்ச்சிப் பருகுமாறு 7-ஆம் நாள் அறிவிப்பதற்குள் நோய் ஊரெங்கும் பரவிவிட்டது.

2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபின், நோய்க்கிருமிகளும் ஆயுதமாகக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. பதினைந்து மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அலுவலர்கள் இரவு பகலாக அமர்ந்து, வருவோரின் நோய்க்குறிகளைப் பதிந்தனர். அவ்வாண்டின் இறுதிக்குள் அப்பணி கணினி வழி நடைபெறலாயிற்று. நோயாளி நுழைந்தவுடன் கூறும் முறையீடு காய்ச்சல், மூச்சுத்திணறல், வாந்தி, வயிற்றுப்போக்கு என வகைப்படுத்தப்பட்டு, வழக்கமான எண்ணிக்கையோடு நாள்தோறும் ஒப்பிடப்பட்டது. ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

2003 ஆகஸ்டு 14-ஆம் நாள் அந்நகரம் மின்சாரமின்றி இருளில் மூழ்கியது. அடுத்த சில நாள்களில் வயிற்றுப்போக்குக்காக வந்தோர் தொகை உயர்ந்ததை இம்முறை காட்டியது. குளிரூட்டிகள் இயங்காமையால் கெட்டுப்போன இறைச்சியும் கடலுணவுமே காரணமாகலாம் என ஆய்வாளர் கண்டனர்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. 2001 அக்டோபரில் நியூயார்க்கில் ஆந்த்ராக்ஸ் தோன்றியபோது அதனை ஐயுற்றுத் தெரிவித்தவர் விழிப்புமிக்க மருத்துவரே. நோயுற்றோர் மிகச் சிலராயின், பெரும் எண்ணிக்கைக்குள் அவர்கள் மறைந்துவிடுவர். எண்ணிக்கை உயர்ந்த நாள்கள் யாவும் கொள்ளைநோயின் நாள்களும் அல்ல. எண்கள் ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்பு வழங்கா. நேரில் சென்று விசாரித்து அறிவது மனிதர் கடன்.

அவ்வெண்களின் மதிப்போ, நள்ளிரவில் களைப்போடு ஒரு தாதி எழுதும் ஒற்றை வரியின் உண்மையைப் பொறுத்தது. மில்வாக்கியில் வெறுமையாய்க் கிடந்த வகுப்பறை இருக்கைகளும் அத்தகைய செய்தியையே சுமந்திருந்தன. நாள்தோறும் பள்ளி வருகைப் பதிவேட்டில் இடப்படும் குறியைப் பயனற்ற சடங்கெனக் கருதுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.