களிமண் சீட்டும் கடவுச்சீட்டும்

சென்ற ரமழானுக்கு முன்னர், திகனையிலிருந்து உம்றாவுக்குப் புறப்பட இருந்த ஒரு குழுவினருக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். இஹ்ராம், தவாப், ஸஃயு பற்றியெல்லாம் மௌலவி சொல்லி முடித்தார். கடதாசி விசயங்களைச் சொல்வது என் பங்கு. நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த வட்டாரத்தில் ஃபோம் நிரப்பிக் கொடுத்தவன் என்பதால் இப்படியான இடங்களுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டை ஒரு பையிலும் அதன் பிரதியை இன்னொரு பையிலும் வையுங்கள், போனிலும் ஒரு படம் இருக்கட்டும், ஹோட்டல் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். முன்பெல்லாம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களிடம் ஜித்தாவில் இறங்கியதுமே கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு கையில் ஒரு பட்டியைக் கட்டிவிடுவார்கள். திரும்பும்போதுதான் அது கைக்கு வரும். 2024 முதல் ஹாஜிகளுக்கு நுஸுக் அட்டை வந்திருப்பதையும் சொன்னேன்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி எழுந்து கேட்டார்: "சேர், அங்க எறங்கின பொறகு வயசக் கேட்டா எந்த வயசச் செல்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து ரொபட் நொக்ஸின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

கண்டியில் பிரயாணச் சீட்டு என்பது வெள்ளைக்காரன் ஆட்சியோடு வந்த புதுமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு முன்பே இருந்திருக்கிறது. 1660இல் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியார்க் குடாவில் பிடிபட்ட நொக்ஸ், பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தவர். தப்பிப் போய் 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் பாதைகளை மறித்துக் கட்டிய முட்கதவுகளைப் பற்றி எழுதுகிறார். சிங்களத்தில் கடவத்த என்பார்கள். அரச நகரிலிருந்து வெளியே போகிறவர் அங்கே களிமண்ணில் பதித்த ஓர் அச்சைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்கு, தோளில் ஈட்டி வைத்த மனித உருவம். சுமைகாரனுக்கு, காவுதடியின் இரு முனையிலும் பை தொங்கும் உருவம். வெள்ளைக்காரனுக்கு, இடுப்பில் வாளும் தலையில் தொப்பியும் உள்ள உருவம். கூட்டமாகப் போனால் எத்தனை பேரோ அத்தனை உருவம் அந்தக் களிமண்ணில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விசயம் படும். அந்தச் சீட்டில் பெயர் இல்லை. வாப்பாவின் பெயர் இல்லை, பிறந்த திகதி இல்லை. நீ என்ன தொழில் செய்கிறவன், உன்னோடு எத்தனை பேர் என்ற இரண்டு கேள்வியோடு காவல்காரனின் வேலை முடிந்தது. நொக்ஸ் தப்பியதும் இதனால்தான். மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று சுமந்து விற்றுத் திரிந்து வடக்குப் பக்கத்துப் பாதைகளை முதலில் பழகிக்கொண்டார். 1679இல் கடைசி முறையாகப் புறப்பட்டபோது, வழியில் விசாரித்த அதிகாரியிடம் காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்தோம் என்றார். அதிகாரி நம்பினார். நொக்ஸ் அநுராதபுரம் தாண்டி அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். சரக்கே அவருக்குச் சீட்டாக இருந்தது.

அதே பாதைகளில்தான் நம்மவர்களும் தவளம் ஓட்டினார்கள். மாட்டின் முதுகில் உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கு கரைக்கு இறங்கியது. கண்டி முஸ்லிம்கள் பலருக்குச் சிங்கள வீட்டுப் பெயர்கள் இருந்ததை லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். என் வாப்பாவின் வாப்பாவையும் ஊரில் வீட்டுப் பெயரால்தான் தெரியும். அவருக்கு எத்தனை வயது என்று அவருக்கே தெரியாது. தெரிய வேண்டிய தேவை வந்ததுமில்லை.

கடல் தாண்டும் இடங்களில் தேவை முன்னாடியே வந்துவிட்டது. ஒல்லாந்தர் 1825இல் ஜாவாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு 110 கில்டர் கட்டணத்தில் கடவுச்சீட்டு விதித்தார்கள். ஏழை போகாமல் தடுப்பதுதான் நோக்கம். 1852இல் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். 1865இல் மக்காவில் கொலரா பரவிய பிறகு ஹாஜி என்றாலே நோய் காவுகிறவன் என்ற கண்ணோடு ஐரோப்பா பார்க்கத் தொடங்கியது. 1882இல் செங்கடலில் கமரான் தீவில் தடுப்பு முகாம் வந்தது.

நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் நிலைமை வேறு. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் ஏதோ பக்கத்து ஊருக்குப் போவது போலப் போய் வந்தார்கள். தோட்டத்துக்கு வந்த தொழிலாளருக்குத்தான் கழுத்தில் தகரச் சீட்டு. அதிலும் பெயர் கிடையாது, எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்ற குறி மட்டும். நொக்ஸ் கண்ட களிமண் தகரமாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

1948இல் எல்லாம் மாறியது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் சேர்ந்து, கடல் நடுவே இல்லாதிருந்த கோட்டைப் போட்டன. சட்டத்துக்கு முன் இங்கே பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜை ஆவதற்கு வாப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாப்பாவின் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவரானது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே சட்டத்தில் கண்டி, கொழும்புக் கடைகளில் இருந்த கரையோர இந்திய முஸ்லிம்களும் சிக்கினார்கள் என்பதை நம் சமூக வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. தவளக்காரரின் பேரனுக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது, வீட்டுப் பெயர் போதாது, வாப்பா எங்கே பிறந்தார் என்பதற்கும் ஒரு கடதாசி வேண்டும் என்று.

பிறகு அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டப்படி 1972 முதல் கொடுத்தார்கள். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஆக, ஒரு பிள்ளையின் வயதைப் பொய்யாக எழுதினால் அந்தப் பொய் அவளுடைய இலக்கத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். எங்கள் பகுதியில் 2014 வரை அட்டை சிங்களத்தில் மட்டும். தமிழில் கூப்பிடும் அரபுப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, கடவுச்சீட்டுக்காக அதை இங்கிலீசுக்கு மாற்றும்போது ஒரே உம்மாவின் பிள்ளைகள் மூவருக்கு மூன்று விதமான 'முஹம்மது' வந்ததை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

வளைகுடா வாசல் 1970களின் பிற்பகுதியில் திறந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் வந்தது. போனவர்களில் பலருக்குக் கடவுச்சீட்டு கையில் இருந்தது விமான நிலையம் வரைக்கும்தான். இறங்கியதும் கபீல் வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுவார். பிறகு இகாமாதான் ஆள்.

மூதூர் ரிஸானா நபீக்கின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. நொக்ஸ் பிடிபட்ட அதே கொட்டியார்க் கரைப் பிள்ளை. பிறப்புச் சான்றிதழில் 1988 பெப்ரவரி 4. கடவுச்சீட்டில் 1982 பெப்ரவரி 2. 2005 மே மாதம் சவூதிக்குப் போய்ச் சில வாரங்களில் அவள் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை. 18 வயதுக்கு முன் நடந்த குற்றத்துக்காக ஒருவரைக் கொல்லக் கூடாது என்ற சிறுவர் உரிமை உடன்படிக்கையைச் சவூதியும் 1996இல் ஏற்றிருந்தது. ஆனால் அவள் சிறுமி என்று சொல்ல வேண்டிய கடதாசி இங்கே ஊரில் கிடந்தது. அங்கே பேசியது கடவுச்சீட்டு. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனையை நிறைவேற்றினார்கள். அதன் பிறகுதான் சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்த வயதை 25 ஆக்கினார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று நான் ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியிலேயே இருந்தேன். என் நினைவில் இருந்தது மூதூர்ப் பிள்ளை மட்டுமல்ல.

2001இல் ஓர் உம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு ஃபோம் நிரப்ப வேண்டும். எப்போது பிறந்தாள் என்று கேட்டேன். "தெல்தெனியத் தண்ணி ஏறின வருசம் பொறந்த புள்ள சேர். ஆனா ஏஜென்சில எழுபத்தொம்பது போடச் சொன்ன." விக்டோரியா அணையில் தண்ணீர் கட்டியது 1984இல். பழைய தெல்தெனிய பஸார் மெல்ல மெல்ல அமிழ்ந்ததைக் கரையில் நின்று பார்த்தவன் நான். பிள்ளைக்குப் பதினேழு வயது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஆறு பேர், வாப்பா படுக்கையில். நான் 1979 என்று எழுதினேன். காசு வாங்கவில்லை. அந்தக் காலத்தில் அதை ஸதகா என்று நினைத்துக்கொண்டேன்.

அல்ஹம்துலில்லாஹ், அவள் உயிரோடு திரும்பி வந்தாள். றியாதில் பத்து வருடம். வந்த பிறகு பார்த்தால், வாப்பா அந்தக் காலத்திலேயே பிறப்பைப் பதிந்து வைத்திருக்கிறார். பதிவேட்டில் 1984 இருக்கிறது. அலைந்து அலைந்து அடையாள அட்டையைத் திருத்தினாள், புதுக் கடவுச்சீட்டும் எடுத்தாள். 2018 மார்ச் 5ஆம் திகதி திகனையில் கடைகள் எரிந்த அன்று அவள் வீட்டை விட்டு ஓடும்போது தூக்கியது ஒரு சொப்பின் பேக். அதற்குள் பழைய இகாமாவின் பிரதி, இரண்டு சான்றிதழ், இரண்டு கடவுச்சீட்டு.

கூட்டத்தில் எழுந்து கேட்டது அவள்தான். சவூதியில் அவளுடைய கைரேகை பழைய வயதோடு இருக்கிறது. புதுக் கடவுச்சீட்டில் ஐந்து வயது குறைவு. மெஷினில் விரலை வைத்தால் எந்த ஆள் வருவாள் என்று அவளுக்குப் பயம். அவளுக்காக நானே ஒரு சத்தியக் கடதாசி எழுதினேன். பிழையான வருடத்தை எழுதியவன் நான் என்பதையும் அதில் போட்டேன். அதை வாசித்த சமாதான நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சீல் குத்தினார். இங்கிலீசிலும் அரபியிலும் பெயர்த்து அவளிடம் கொடுத்தேன்.

இருபது நாள் கழித்து ஸம்ஸம் போத்தலோடும் பேரீச்சம்பழத்தோடும் வந்தாள். ஜித்தாவில் விரலை வைத்ததும் உத்தியோகத்தர் திரையைப் பார்த்தாராம், இவளைப் பார்த்தாராம், திரும்பவும் திரையைப் பார்த்தாராம்.

"பொறகு?"

"குத்தித் தந்திட்டார். ஒண்டும் கேக்கல்ல சேர்."

கடதாசியை மடித்தது மடித்தபடி என்னிடமே திருப்பித் தந்தாள். நொக்ஸின் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.