கறுப்பைப் பூசலாம், கறுத்தவரைக் கூப்பிடக் கூடாதா?

எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் இருப்பதைவிட வெளுத்துத்தான் இருப்பார்கள். ஸ்டுடியோ கணினியில் அது கொஞ்ச நேர வேலை. கறுப்பை அழிக்கும் இந்தத் தொழிலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கறுப்பைப் பூசும் தொழிலைப் பற்றிப் பேசியது குறைவு.

2009இல் பிரெஞ்சு வோக் இதழ், டச்சு மாடல் லாரா ஸ்டோனின் வெள்ளை உடம்பில் கருஞ்சாயம் பூசிப் படங்கள் வெளியிட்டது. 2013இல் நியூமரோ இதழ், 'ஆப்பிரிக்க ராணி' என்ற தலைப்பில் 16 வயது வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பாக்கிக் காட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. இந்தக் கோபத்துக்கு வரலாறு உண்டு. 1830கள் முதல் அமெரிக்க மேடைகளில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைப்பட்ட மக்களைக் கேலி செய்தே காசு பார்த்தார்கள். 'கறுப்பு வேண்டுமென்றால் கறுத்தவரை ஏன் அழைக்கவில்லை?' என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது.

அந்தக் கேள்வி நமக்கும் உரியது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் இரண்டு பெண்களுக்குக் கருமை பூசி, பாரி மகளிர் அங்கவை, சங்கவை பெயர்களை வைத்துச் சிரிக்க விட்டார்கள். அது கேலி. 2021இல் வந்த 'ஜெய் பீம்' அப்படியல்ல. இருளர் மக்களின் நீதிக்காக நின்ற படம். லிஜோமோள் ஜோஸ் உயிரைக் கொடுத்து நடித்திருந்தார். ஆனாலும் செங்கேணியின் நிறம் ஒப்பனையில்தான் வந்தது. நம் பக்கம் நின்ற படம் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

'நடிப்பென்றால் வேடம்தானே' என்பார்கள். சரி. கறுத்த பெண்ணுக்குப் பணக்கார நாயகி வேடம் அநேகமாக வருவதில்லை. ஏழை வேடமும் சாயத்துக்குப் போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல, கூலிப் பிரச்சினை.

இதைவிட ஆழமான ஆபத்தும் இருக்கிறது. சாதி என்பது இனப் பிரிவினை அல்ல என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனத்தவர் என்றார். ஆத்தூரில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் மாலை மணி அடிக்கும்போது நின்று பாருங்கள். நிறத்தை வைத்து யார் எந்தத் தெரு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒடுக்கப்பட்டவர் என்றாலே கருஞ்சாயம் எடுக்கும் கேமரா, சாதி தோலில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. மனிதர் செய்த அநியாயம், பிறவி அடையாளமாக மாறிவிடுகிறது.

மாற்று வழி நம்மிடமே உண்டு. 2017 டிசம்பரில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் கறுத்த மாடல்களையே அழைத்து லட்சுமி, சரஸ்வதி, முருகன் எனக் கடவுளர் படங்களை எடுத்தார்கள். கடவுளர் படம் நம் அரசியலா என்பது தனி விவாதம். ஆனால் அங்கே கறுப்பு, ஏழ்மையின் அடையாளமாக வரவில்லை. சாயப் புட்டியும் தேவைப்படவில்லை.

தோழர்களே, அடுத்த முறை ஒரு 'கிராமத்துப் பெண்' படத்தைப் பார்க்கும்போது, நிறம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த வேலைக்கு யார் கூப்பிடப்படவில்லை என்று கேளுங்கள்.